சப்ளையர் சொன்ன நாளில் வராவிட்டால் சங்கம் என்ன செய்யலாம்?

கேள்வி சுருக்கமாக இதுதான். ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் வீடு கட்டித் தரும் பொறியாளர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்), ஜல்லி, ரெடிமிக்ஸ் (ஆலையிலேயே கலந்து லாரியில் வரும் கான்கிரீட்) தருபவர்கள் சொன்ன நாளில் வருவதில்லை. முதல் லோடு நன்றாக இருக்கிறது, மூன்றாவது லோடில் தரம் இறங்கிவிடுகிறது. செங்கலுக்கு அட்வான்ஸ் வாங்கிய ஒருவர் இப்போது போனே எடுப்பதில்லை. "சங்கத்தில் தீர்மானம் போட்டு இவர்கள் பெயரை வெளியிட்டு, யாரும் வாங்கக் கூடாது என்று சொல்லிவிடலாமா?" என்று கேட்கிறார் ஒரு இளம் பொறியாளர்.

தம்பி, கோபம் நியாயம்தான். ஆனால் தீர்மானத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அதில் உள்ள வில்லங்கத்தைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் சங்கம் செய்யக்கூடிய, இதைவிடக் காரியம் ஆகிற வேலைகள் நிறைய இருக்கின்றன.

முதலில் நம்ம ஊர் நிலவரம். எம்-சாண்டும் ஜல்லியும் நமக்குப் பெரும்பாலும் மேற்கே இருந்துதான் வருகின்றன. ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரத்துக்கு மட்டுமே 55 கிலோமீட்டர் போல ஆகிறது, தீவுக்குள் போக லாரிக்கு 1988-ல் திறந்த பாம்பன் சாலைப் பாலத்தை விட்டால் வேறு வழி கிடையாது. தொண்டி, தேவிபட்டினம், ஏர்வாடி பக்கம் நிலைமை இவ்வளவு மோசம் இல்லை. ஆனாலும் அவசரத்துக்குப் பக்கத்து ஊரில் இன்னொரு லோடு எடுத்துக்கொள்ளலாம் என்கிற வசதி மதுரைக்காரருக்கு இருக்கிற மாதிரி நமக்கு இல்லை.

இதனால் என்ன ஆகிறது என்று தங்கச்சிமடத்தில் ஒரு சைட்டில் பார்த்தேன். காலையில் ரூஃப் கான்கிரீட். சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகை வேலை) முடிந்து கம்பி கட்டியாகிவிட்டது. மேஸ்திரி ஆட்களுக்குச் சொல்லிவிட்டார், மிக்ஸர் மெஷினும் வந்து நிற்கிறது. மதியம் வர வேண்டிய எம்-சாண்ட் இரவு ஒன்பதரைக்கு வருகிறது. செல்போன் டார்ச்சில் பார்த்தால் மணலைவிடக் கிரஷர் தூள் அதிகம், கையில் அள்ளினால் மாவு போல ஒட்டுகிறது. டிரைவர் இன்ஜினை அணைக்கக்கூட இல்லை. "சார், இறக்கவா, திருப்பவா?" என்கிறார். திருப்பச் சொன்னால் காலையில் முப்பது பேர் சும்மா உட்கார வேண்டும். துபாயில் இருக்கும் வீட்டுக்காரர் வேறு, கான்கிரீட் போடுவதை வீடியோ காலில் பார்க்கக் காத்திருக்கிறார். பொறியாளர் சலானில் (சரக்கு வந்ததற்கான சீட்டில்) கையெழுத்துப் போட்டுவிட்டார்.

சப்ளையருக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். நீங்கள் திருப்பி அனுப்ப மாட்டீர்கள் என்று அவருக்கு உறுதியாகத் தெரிந்தால், அவரிடம் தரத்தை எதிர்பார்ப்பது வீண். ஆகவே சங்கம் கை வைக்க வேண்டிய இடம் அந்த இறக்குமிடம்தான்.

அதற்கு நான் முதலில் சொல்வது, சங்கத்தின் பெயரில் ஒரே மாதிரியான ஆர்டர் தாள். ஒரு பக்கம் போதும், தமிழிலேயே இருக்கட்டும். என்ன சரக்கு, எந்தத் தரம், எடையா அளவா, எந்த நாள் எத்தனை மணிக்குள், சைட்டில் யார் கையெழுத்துப் போடலாம், எந்தச் சோதனையில் தோற்றால் சரக்கு நிராகரிக்கப்படும், மாற்று லோடு எத்தனை மணி நேரத்தில் வர வேண்டும், பணம் எந்தத் தேதியில். இவ்வளவுதான். ஒரு பொறியாளர் தனியாக இந்தத் தாளை நீட்டினால், "வேற யாரும் இப்படிக் கேக்கலையே சார்" என்று சிரித்துவிட்டுப் போவார்கள். உறுப்பினர் எல்லோரும் அதே தாளை நீட்டினால் அந்தப் பேச்சு நிற்கும். சங்கம் என்று ஒன்று இருப்பதன் முதல் பலன் இதுதான், இதற்குக் கூட்டமோ தீர்மானமோ தேவையில்லை, பிரிண்டிங் செலவு மட்டும்தான்.

இந்தத் தாளுக்குச் சட்டத்தில் நல்ல பலம் இருக்கிறது. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, பார்க்காமல் வாங்கிய சரக்கைச் சோதித்துப் பார்க்க உங்களுக்கு நியாயமான வாய்ப்பு தரப்பட வேண்டும். அதுவரை நீங்கள் அதை ஏற்றுக்கொண்டதாக ஆகாது. ஆனால் நியாயமான காலத்துக்குள் "வேண்டாம்" என்று சொல்லாமல் வைத்திருந்தால், ஏற்றுக்கொண்டதாகவே எடுத்துக்கொள்ளப்படும். நம்மில் பலர் கோட்டை விடுவது இங்கேதான். பதினைந்து நாள் கழித்து, பாதி மணலைப் பயன்படுத்திய பிறகு, பணம் தரும் நேரத்தில் "மணல் சரியில்லை" என்று சொன்னால் அது எடுபடாது. இறங்கின அன்றைக்கே சலானில் "சோதனைக்கு உட்பட்டுப் பெறப்பட்டது" என்று எழுதிவிட்டு, சோதனையில் தோற்றால் மறுநாளே வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் சொல்லிவிட வேண்டும். இன்னொன்றும் கவனியுங்கள். முறையாக நிராகரித்துவிட்டால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், அந்தச் சரக்கை நீங்கள் திருப்பி அனுப்பிவைக்க வேண்டிய கடமை இல்லை. வேண்டாம் என்று தெரிவித்தாலே போதும், எடுத்துப் போவது அவர் பொறுப்பு. லாரி வாடகையைக் காட்டி மிரட்டுகிறவருக்கு இதைச் சொல்லிப் பாருங்கள்.

அளவு விஷயம் தனிக் கதை. இங்கே எல்லோரும் யூனிட்டில்தான் பேசுகிறோம், ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. லாரி பாடியை டேப் வைத்து அளப்பதோடு சரி. மணல் ஈரமாக இருந்தால் உப்பிக்கொள்ளும். ஐந்து முதல் எட்டு சதவீத ஈரத்தில் நுண்மணலின் கன அளவு 20 முதல் 30 சதவீதம் வரை கூடிவிடும். எம்-சாண்டுக்கு இது மணலுக்கு மணல் மாறும். தண்ணீர் தெளித்து ஏற்றுவது தூசி பறக்காமல் இருக்கத்தான் என்பார்கள், இருக்கலாம். ஆனால் காசு கொடுப்பது நீங்கள். ஒரு நேரான கண்ணாடி ஜாடியில் 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஈர மணலை அமுக்காமல் போடுங்கள். மணலை வெளியே கொட்டி, ஜாடியில் பாதி தண்ணீர் ஊற்றி, மணலைத் திரும்பப் போட்டுக் குச்சியால் கிளறிப் படிய விடுங்கள். மணல் 16 சென்டிமீட்டரில் நின்றால் 25 சதவீதம் உப்பியிருந்தது என்று அர்த்தம். நீங்கள் ஐந்து யூனிட்டுக்குப் பணம் கொடுத்து நாலு யூனிட் வாங்கியிருக்கிறீர்கள். சித்தாள்கூடச் செய்யலாம், பத்து நிமிட வேலை. சங்கம் ஆளுக்கு ஒரு ஜாடி வாங்கிக் கொடுத்தாலே சப்ளையர்கள் பேச்சில் ஒரு மரியாதை வந்துவிடும். முடிந்தால் எம்-சாண்டை எடை மேடைச் சீட்டோடு டன் கணக்கில் வாங்குங்கள். அதிலும் ஈரத்தின் எடை சேரும், ஆனால் உப்பலில் போவதைவிடக் குறைவுதான் போகும்.

கம்பிக்கு இன்னும் எளிது. விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதையே அதனால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 8 மி.மீ. கம்பி 0.395 கிலோ, 12 மி.மீ. 0.888 கிலோ. ஒரு மீட்டர் வெட்டித் தராசில் வையுங்கள். இந்தியத் தர விதியில், இப்படி ஒரு துண்டை மட்டும் எடை போடும்போது, 10 மி.மீ. வரை 8 சதவீதமும், அதற்கு மேல் 16 மி.மீ. வரை 6 சதவீதமும் குறைய அனுமதி உண்டு. அதற்குக் கீழே போனால் பேச்சே வேண்டாம், திருப்புங்கள்.

சிமெண்ட் மூட்டையில் எந்த வாரம், எந்த வருடம் அடைத்தது என்று அச்சிட்டிருக்கும். மூன்று மாதம் தாண்டிய மூட்டையை மறுசோதனை இல்லாமல் எடுக்கக் கூடாது. நம்ம ஊர் உப்புக் காற்றில் குடோனில் கிடந்த மூட்டை என்றால் அதற்கு முன்பே கட்டி தட்ட ஆரம்பித்துவிடும்.

இனி பொதுச் சோதனைக் கூடம். சல்லடைத் தொகுதி, கலவையின் இளக்கத்தைப் பார்க்கும் ஸ்லம்ப் கூம்பு, வலிமை சோதிக்கக் கான்கிரீட் கட்டி வார்க்கும் கியூப் அச்சுகள், ஒரு நல்ல தராசு ஆகியவற்றைச் சங்கம் பொதுவில் வாங்கிவிடலாம். கியூப் உடைக்கும் மெஷின் விலை அதிகம், அது வேண்டாம். புல்லங்குடியிலும் கீழக்கரையிலும் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. அவர்களிடம் சங்கம் மொத்தமாகப் பேசி ஒரு கட்டணம் வைத்துக்கொள்ளலாம். எம்-சாண்ட் என்றால் 75 மைக்ரான் சல்லடையில் இறங்கும் தூள் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது ஐ.எஸ். 383 என்ற இந்தியத் தர விதி. அந்த இரவு தங்கச்சிமடத்தில் இறங்கியது அதை எளிதாகத் தாண்டியிருக்கும். தயாரிப்பாளரிடம் பொதுப்பணித் துறையின் தரச் சான்று இருக்கிறதா, அது இன்னும் செல்லுமா என்பதைச் சங்கமே வருடத்துக்கு ஒருமுறை கேட்டு வாங்கி வைத்துக்கொண்டால், ஒவ்வொரு உறுப்பினரும் தனித்தனியாக அலைய வேண்டாம்.

தண்ணீரும் சப்ளைதான், இதை மறந்துவிடுகிறோம். டேங்கர்காரர் எந்தக் கிணற்றில் எடுத்தார் என்று யார் கேட்கிறோம்? கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது ஐ.எஸ். 456. கடலோரக் கிணறுகள் பலவற்றில் இது கனவு. மணல் மட்டமாக இருந்தால் கியூப் உடைக்கும்போது தெரிந்துவிடும். உப்புத் தண்ணீர் பத்து வருடம் கழித்து, கம்பி துருப்பிடித்து சீலிங் உதிரும்போதுதான் தெரியும், அப்போது டேங்கர்காரர் எங்கே இருப்பாரோ. எந்தெந்தக் கிணறு, போர்வெல் தண்ணீர் கான்கிரீட்டுக்கு ஆகும் என்று சங்கம் சோதித்து ஒரு பட்டியல் வைத்திருந்தால், உங்கள் உறுப்பினர்களுக்கு அதைவிடப் பெரிய உபகாரம் வேறு இல்லை.

அப்புறம் பதிவேடு. என் கணிப்பில் சங்கத்தின் உண்மையான பலம் இதில்தான் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் தன் சைட்டில் நடந்தது மட்டும்தான் தெரியும், சப்ளையருக்கு எல்லாருடைய சைட்டும் தெரியும். அந்த இடைவெளியை மூட ஒரு சாதாரண எக்செல் தாள் போதும்: சொன்ன நேரம், வந்த நேரம், சலான் அளவு, அளந்த அளவு, சோதனை முடிவு, மாற்றிக் கொடுத்தாரா இல்லையா. "ஏமாற்றுக்காரன்", "தரமில்லாத ஆள்" என்கிற வார்த்தைகளுக்கு அதில் இடமே இருக்கக் கூடாது. தேதியும் எண்ணும் மட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அந்தந்த சப்ளையரின் பக்கத்தை முதலில் அவருக்கே காட்டி விளக்கம் கேளுங்கள். பல நேரம் காரணம் நாம் நினைத்ததாக இருக்காது. தீவுக்குள் லோடு தாமதமான நாட்களைப் பார்த்தால் தை அமாவாசை, ஆடி அமாவாசையை ஒட்டி வரும். அந்த நாட்களில் ராமேஸ்வரம் ரோட்டில் வண்டி நகராது என்று தெரிந்தும் ரெடிமிக்ஸ் ஆர்டர் போட்டது நம்ம ஆள்தான். கலவை போட்ட நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இறக்க வேண்டிய சரக்கு அது. சலானில் பேட்ச் நேரம், அதாவது ஆலையில் கலவை போட்ட நேரம், இருக்கும், அதைப் பார்க்காமல் இறக்கவிடாதீர்கள். நேரம் கடந்து இறுகிய கலவையில் டிரைவர் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தால் அந்த லோடை அப்போதே மறந்துவிடுங்கள்.

ஜிஎஸ்டி விஷயத்தையும் பதிவேட்டில் ஒரு கட்டமாகச் சேருங்கள். பில் கொடுத்துவிட்டு ரிட்டர்ன் போடாத சப்ளையரால் உங்கள் உள்ளீட்டு வரி வரவு (வாங்கும்போது கட்டிய வரியை நீங்கள் கட்ட வேண்டியதில் கழித்துக்கொள்வது) போய்விடும். 2022 ஜனவரி முதல், அவர் கணக்கில் காட்டி ஜிஎஸ்டி தளத்தில் உங்களுக்கு வரும் 2பி என்ற வரவுப் பட்டியலில் வந்தால்தான் வரவு. அவருடைய ஜிஎஸ்டி எண்ணைத் தளத்தில் போட்டால் ரிட்டர்ன் தாக்கல் செய்கிறாரா என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். சங்க அலுவலகத்தில் இருப்பவர் மாதம் ஒருமுறை பார்த்தால் போதும்.

இப்போது நமக்குப் பிடிக்காத ஒரு பக்கம். சப்ளையர் ஏன் உங்கள் லோடைத் தள்ளிப்போட்டு இன்னொருவருக்கு அனுப்புகிறார்? பாதி நேரம் அந்த இன்னொருவர் ஒழுங்காகப் பணம் தருகிறார் என்பதுதான் காரணம். வீட்டுக்காரரிடம் ஸ்டேஜ் பேமென்ட் (வேலை முடிய முடியத் தரும் தவணை) வாங்கி, அதைப் பழைய சைட்டின் கடனுக்குக் கட்டிவிட்டு, மணல்காரரை "அடுத்த வாரம்" என்று இழுப்பது நம் தொழிலில் புதிது இல்லை. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கு ஒப்பந்தத்தில் எத்தனை நாள் எழுதினாலும் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். எழுத்தில் ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. வாங்கி விற்கும் வியாபாரிக்கு இது பொருந்தாது, ஆனால் கிரஷர் நடத்துபவருக்கும் சூளைக்காரருக்கும் பொருந்தும். இந்த நிலுவையை அந்த வருட வருமான வரிக் கணக்கில் செலவாகவும் காட்ட முடியாது. ஆகவே பதிவேட்டில் நம்ம ஆட்கள் பணம் கொடுத்த தேதியும் இருக்கட்டும். சங்கம் சார்பில் ஒரு சப்ளையரிடம் பேசப் போகும்போது, "எங்கள் உறுப்பினர்கள் சொன்ன தேதியில் பணம் தருவார்கள், தராதவர்மேல் நாங்களே நடவடிக்கை எடுப்போம்" என்று சொல்ல முடிந்தால், நீங்கள் கேட்கிற மாற்று லோடு நிபந்தனையை அவர் ஒப்புக்கொள்வார். வெறும் மிரட்டலுக்கு ஒப்புக்கொள்ள மாட்டார். 2025 ஏப்ரலில் கிரஷர்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கையில் இருந்த சரக்கு யாருக்கு முதலில் போயிருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

சரி, புறக்கணிப்புத் தீர்மானத்துக்கு வருவோம். இதில் இரண்டு ஆபத்து. ஒன்று அவதூறு. "இவர் மோசடிக்காரர்" என்று நோட்டீஸ் அடித்தால் இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவில் உங்கள் செயலாளர் பதில் சொல்ல வேண்டி வரும். உண்மையைப் பொது நன்மைக்காகச் சொன்னேன் என்று வாதிடலாம், ஆனால் அதை நிரூபிப்பது உங்கள் தலைவலி. இரண்டாவது, பலருக்கும் தெரியாதது, 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம். ஒரே தொழிலில் இருப்பவர்கள் சங்கமாகச் சேர்ந்து விலை நிர்ணயிப்பதும், யாரிடம் வாங்கலாம், வாங்கக் கூடாது என்று கட்டளையிடுவதும் அந்தச் சட்டத்தின் 3-ஆம் பிரிவில் மாட்டும். மருந்து வணிகர் சங்கங்கள், தங்கள் தடையில்லாச் சான்று இல்லாமல் மருந்து நிறுவனங்கள் ஸ்டாக்கிஸ்ட் (மொத்த விநியோகஸ்தர்) நியமிக்கக் கூடாது என்று கெடுபிடி செய்ததற்காக, போட்டி ஆணையத்திடம் பலமுறை அபராதம் வாங்கியிருக்கின்றன. நம்ம ஊர்ச் சங்கத்தை டெல்லியில் யார் கவனிக்கப் போகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். புகார் கொடுக்க ஒரு கோபக்கார சப்ளையர் போதும்.

ஆகவே தகவலைக் கொடுங்கள், கட்டளை போடாதீர்கள். பதிவேட்டை உறுப்பினர் பார்க்கட்டும், வாங்குவதும் விடுவதும் அவர் முடிவு. சப்ளையர்களோடு சங்கம் பொது நிபந்தனைகள் பேசலாம், ஆனால் அதே சப்ளையரிடம்தான் வாங்க வேண்டும் என்று சொல்லக் கூடாது. வீட்டுக்காரரிடம் சதுர அடிக்கு இவ்வளவுதான் வாங்க வேண்டும் என்று விலை வைக்கவே கூடாது. தகராறு வந்தால் பேசித் தீர்க்க மூன்று பேர் போதும். அதில் ஒருவர் சப்ளையர் தரப்பு நம்புகிற ஆளாக இருந்தால்தான் அவர்கள் கூப்பிட்டால் வருவார்கள். எல்லாரும் நம்மவராக இருந்தால் அது பஞ்சாயத்து மாதிரி இருக்காது, விசாரணை மாதிரி இருக்கும்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்று அடுத்து கேட்பீர்கள். தொழிலுக்காக வாங்கியவர் 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நுகர்வோர் ஆக மாட்டார். சொந்த உழைப்பில் சுயதொழிலாகப் பிழைப்பவருக்கு விலக்கு உண்டு, ஆனால் ஆள் வைத்து ஒப்பந்த வேலை எடுக்கும் பொறியாளர் அதை நம்பிப் போவது கஷ்டம். சொந்த வீடு கட்டுகிறவர் நுகர்வோர்தான். அதனால் சிமெண்ட், கம்பி, ரெடிமிக்ஸ் போன்ற பெரிய பில்களை, உங்கள் ஒப்பந்த முறைக்கு ஒத்து வந்தால், வீட்டுக்காரர் பெயரிலேயே போடச் சொல்லுங்கள். சரக்கு மோசம் என்றால் அவர் இரண்டு வருடத்துக்குள் தாம் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், சப்ளையர் மதுரையில் இருந்தாலும் சரி. கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. அதற்கு முன் 1915 என்ற உதவி எண்ணில் பதிந்து வைப்பதும் நல்லது, சில நேரம் அந்த ஒரு அழைப்பிலேயே மாற்று லோடு வந்துவிடும்.

கடைசியாக அந்தச் செங்கல்காரர். போலீஸுக்கு ஓடுவதற்கு முன் ஒன்று பாருங்கள்: வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததா, அல்லது மழையில் சூளை நனைந்து கையில் காசில்லாமல் ஒளிகிறாரா? ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னும் சுடாத பச்சைக்கல் கரைந்துபோன சூளைகள் நம்ம பக்கம் உண்டு. இரண்டாவது வகை என்றால் மோசடி வழக்கு நிற்காது. யார் யாரிடம் எவ்வளவு வாங்கியிருக்கிறார் என்று சங்கத்தில் கேட்டு, பணம் கொடுத்த ஆதாரங்களைச் சேருங்கள். ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள்: இத்தனை நாளுக்குள் கல் அல்லது பணம். பதில் இல்லையென்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய மனுவாகக் கொடுத்து மக்கள் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோங்கள். நீதிமன்றக் கட்டணம் கிடையாது, இரு தரப்பும் ஒப்புக்கொண்டு எழுதிய தீர்வு சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் இல்லை. தவணையில் கல்லாகவே தருகிறேன் என்று அவர் சொல்ல வாய்ப்பு அதிகம். ஒப்புக்கொள்ளுங்கள், ஆனால் ஒவ்வொரு தவணைக்கும் தேதியும் எண்ணிக்கையும் எழுதி வாங்குங்கள். அவர் வரவே மறுத்தால் சிவில் வழக்குதான், அதற்கு மூன்று வருடக் கெடு இருக்கிறது. கல் தருவதாகச் சொன்ன தேதியையும் அட்வான்ஸ் கொடுத்த தேதியையும் இன்றைக்கே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.